வென்ற வழக்கும் தோற்ற நீதியும்: ஒரு தொலைக்காட்சிப் பாத்திரம் பற்றிய அறவியல் நோக்கு

நல்ல நோக்கமுடைய ஒருவர் அந்நோக்கத்தை எய்துவதற்கு முறையற்ற வழியைக் கையாளலாமா என்னும் வினா அறவியலில் மிகப் பழைமையானது. மெய்யியலாளர் இவ்வினாவைப் பெரும்பாலும் அரசனையும் அமைச்சனையும் படைத்தலைவனையும் முன்னிறுத்தியே ஆராய்ந்து வந்துள்ளனர். இன்றைய சமுதாயத்தில் இவ்வினா மற்றொருவரை நோக்கியும் எழுப்பப்படல் வேண்டும். குற்றம் இழைத்தவர் எனத் தாம் கருதும் ஒருவரை அரசின் பெயரால் நீதிமன்றத்தின் முன் நிறுத்தி, அவருக்குத் தண்டனை பெற்றுக்கொடுக்க முயலும் வழக்குத் தொடுநரே அவர். அவருக்குப் பின்னால் அரசின் வலிமை முழுவதும் நிற்கின்றது. எதிரிக் கூண்டில் நிற்பவருக்கோ பெரும்பாலும் ஒரு சட்டத்தரணியின் குரல் மாத்திரமே துணை. இத்தகைய வலிமை பெற்றவர் நேர்மையானவராகவும் இருந்து, தம் நேர்மையிற் கொண்ட நம்பிக்கையினாலேயே நெறி தவறுவாராயின், அதனை எவ்வாறு மதிப்பிடுவது? இவ்வினாவுக்கு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இதற்கு எடுத்துக்காட்டாக ஈண்டு கொள்ளப்படுபவர் உண்மையில் வாழ்ந்த ஒருவர் அல்லர். அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரான ‘லோ அன்ட் ஓடர்’ என்பதில் வரும் ஜக் மக்கோய் என்னும் கற்பனைப் பாத்திரமே அவர். தொலைக்காட்சிப் பாத்திரமொன்றைப் பல்கலைக்கழகச் சஞ்சிகையில் ஆராய்தல் தகுமோ எனச் சிலர் ஐயுறலாம். நீதிமன்றத்தின் வாயிலை மிதித்தறியாத எண்ணற்ற மக்கள், வழக்கு விசாரணை என்றால் இன்னது என்னும் மனப்படிமத்தை இத்தகைய தொடர்களினூடாகவே பெற்றுள்ளனர் என்பதை நினைவிற் கொண்டால் அவ்வையம் நீங்கும். எத்தகைய முறைகேட்டை நாம் மன்னிக்கப் பழகியுள்ளோம் என்பதை அறிவதற்கு நாம் விரும்பிப் பார்க்கும் கதைகள் நல்லதொரு சான்றாகும்.

பாத்திரமும் அதன் களமும்

‘சட்டமும் ஒழுங்கும்’ எனப் பொருள்படும் இத்தொடரை உருவாக்கியவர் டிக் வுல்ப். 1990 ஆம் ஆண்டு செப்ரெம்பரில் ஆரம்பமான இது 2010 வரை 20 பருவங்கள் இடையறாது ஒளிபரப்பாகியது. 2022 இல் மீண்டும் உயிர்பெற்றது. ஒவ்வோர் அங்கமும் ஏறத்தாழ இரு பாதிகளாக அமையும். முற்பாதியில் நியூயோர்க் நகரப் பொலிசார் குற்றத்தைத் துப்புத் துலக்குவர். பிற்பாதியில் மன்ஹட்டன் மாவட்ட வழக்குத் தொடுநர் அலுவலகத்தினர் வழக்கை நடத்துவர். சாம் வோட்டர்ஸ்டன் என்னும் நடிகர் ஏற்று நடித்த மக்கோய், 1994 இல் அவ்வலுவலகத்தின் முதன்மை உதவி வழக்குத் தொடுநராக அறிமுகமாகின்றார். 2008 இல் மாவட்ட வழக்குத் தொடுநராகவே உயர்கின்றார். 2024 இல் பதவி துறந்து விடைபெறுகின்றார்.

மக்கோய் கையூட்டு வாங்குபவர் அல்லர். செல்வர்க்கும் செல்வாக்கு உடையோர்க்கும் அஞ்சுபவரும் அல்லர். அவரது இறுதி அங்கத்தில் மாநகர முதல்வரின் அழுத்தத்துக்குப் பணிய மறுத்தே அவர் வழக்கை நடத்துகின்றார். கொலையுண்டோரின் உறவினர் கண்ணீரை மறவாதவர். சட்ட நூலறிவு மிக்கவர். இவை யாவும் உண்மையாதலினாலேயே அவரது தவறுகள் ஆராயத்தக்கனவாகின்றன. தன்னலம் கருதிச் சான்றை மறைக்கும் கயவனைக் கண்டிப்பதற்கு அறவியல் ஆராய்ச்சி வேண்டியதில்லை. நல்லவர் ஒருவர் நல்ல நோக்கத்தோடு அதே செயலைச் செய்யும்போதே நமது தீர்ப்புத் தடுமாறுகின்றது.

தவறுகளின் மூன்று வகை

மக்கோயின் தவறுகள் யாவும் ஒரே தன்மையன அல்ல. அவற்றை மூவகையாகப் பிரித்து நோக்குதல் தெளிவு தரும்.

முதலாவது வகை, அறியாமையால் நேரும் பிழை. 1996 ஆம் ஆண்டின் அங்கமொன்றில், தாம் முன்னர் வென்ற கொலை வழக்கில் தண்டிக்கப்பட்டவர் அக்குற்றத்தைச் செய்தவர் அல்லர் என்பதை மக்கோய் அறிய நேர்கின்றது. அவ்வழக்கில் அவருக்குத் துணைநின்ற முன்னாள் உதவியாளர், எதிரிக்குச் சாதகமான சான்றை மறைத்திருந்தார். மக்கோய் அதனை அறிந்திருக்கவில்லை. உண்மை வெளிப்பட்டபோது அவரது அலுவலகமே அவ்வுதவியாளரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துகின்றது. மக்கோய் ஒருவரைத் தவறாகத் தண்டித்தார். ஆனால் வஞ்சகமாகத் தண்டித்தாரல்லர்.

இரண்டாவது வகை, சட்டம் அனுமதிக்கும் எல்லைக்குள் நின்றுகொண்டே அதன் விளைவைப் பொருட்படுத்தாமை. 2004 இல் ஒளிபரப்பான ஓர் அங்கத்தில், எதிரியை மணந்துகொண்ட மற்றோர் ஆடவரைச் சாட்சி சொல்லவைக்க மக்கோய் விரும்புகின்றார். வாழ்க்கைத் துணைவர் ஒருவர்க்கு எதிராக மற்றவரைச் சாட்சி கூறும்படி வற்புறுத்த முடியாது என்பது குறுக்கே நிற்கும் விதி. ஆதலால் ஒருபாற் திருமணமே சட்டப்படி செல்லாது என அவர் வாதிடுகின்றார். ஒரு கொலைகாரனைத் தண்டிக்க வேண்டும் என்பதற்காக, அவ்வழக்கோடு எவ்விதத் தொடர்புமற்ற பலரது மணவாழ்வின் உரிமையை அவர் பணயம் வைக்கின்றார். இதில் சட்டமீறல் இல்லை. ஆயினும் பிறரைக் கருவியாக்கும் போக்கு உண்டு.

மூன்றாவது வகையே மிகப் பாரதூரமானது. அது தெரிந்தே சான்றை மறைத்தல். தம் முன்னாள் உதவியாளரின் வழக்கு முடிந்து இரண்டு ஆண்டுகள் கழிந்த பின், அவர் செய்த அதே காரியத்தை மக்கோய் தாமே செய்யத் துணிகின்றார் என்பதே இத்தொடரின் ஆழமான முரண்.

1998 ஆம் ஆண்டின் அங்கம்

‘போதையின் வசத்தில்’ எனப் பொருள்படும் தலைப்புடைய அவ்வங்கம் 1998 இல் ஒளிபரப்பாகியது. மதுவருந்திய ஒருவன் காரைச் செலுத்தி வந்து மூவரைக் கொன்றுவிடுகின்றான். அவனைக் கைமோசக்கொலைக்கு அன்றி, கொலைக் குற்றத்துக்கே தண்டிக்க வேண்டும் என மக்கோய் முனைகின்றார். அவன் மனமறிந்தே அம்மூவரையும் மோதினான் எனக் காட்டுவது அதற்கு அவசியமாகின்றது. இவ்விடத்தில் சட்டத்தின் விசித்திரமான ஒரு கூறு தலைகாட்டுகின்றது. நியூயோர்க் சட்டத்தின்படி குடிபோதை ஒரு குற்றத்துக்கு மன்னிப்பு ஆகாது. எனினும் குறித்த ஒரு மனக்கருத்து எதிரியிடம் இருந்ததா என்பதை ஐயுறுவதற்கு அது சான்றாகலாம். எனவே சாதாரணமாக வழக்குத் தொடுநருக்கு வாய்ப்பான குடிபோதை, இவ்வழக்கில் எதிரிக்கு வாய்ப்பாகிவிடுகின்றது. அவன் எவ்வளவு குடித்திருந்தான் என்பதைச் சொல்லக்கூடிய சாட்சி எதிர்த்தரப்பின் கைக்கு எட்டாதபடி மக்கோய் பார்த்துக்கொள்கின்றார். பெயருக்கும் புகழுக்கும் ஆசைப்பட்ட நீதிபதியொருவரின் சாய்வும் அவருக்குத் துணைநிற்கின்றது.

இதன் பின்னணியில் மக்கோயின் சொந்தத் துயரம் ஒன்று மறைந்து கிடக்கின்றது. 1996 இல் அவரது உதவியாளராக இருந்த கிளயர் கின்கெய்ட், குடிபோதையில் வந்த ஒருவனின் வாகனம் மோதி உயிரிழந்தார். அவ்விழப்பின் புண் ஆறாத மனத்தோடு இவ்வழக்கை மக்கோய் நடத்துகின்றார். கூண்டில் நிற்பவன் மூவரைக் கொன்றவன். அவர் மனம் பழிவாங்க விரும்புவதோ நான்காவது உயிர் ஒன்றுக்காகவும். ஈற்றில் அவர் தம் நிலை உணர்ந்து பின்வாங்கி, குறைந்த குற்றச்சாட்டுக்கு உடன்படுகின்றார். விளிம்புவரை சென்று திரும்புகின்றார் எனலாம். ஆயினும் அவர் எவ்வளவு தூரம் சென்றார் என்பதே நமது கவனத்துக்கு உரியது.

மக்கோயின் சார்பாகச் சொல்லத்தக்கவை

மக்கோயின் செயலை ஆதரிப்போர் மூன்று நியாயங்களைக் கூறலாம். அவற்றை அவற்றின் முழு வலிமையோடும் எடுத்து நோக்குதலே நேர்மையாகும்.

முதலாவது, எதிரி உண்மையிலேயே குற்றவாளி. மூவர் இறந்தனர், கொன்றவன் அவனே. குற்றமற்ற ஒருவனைச் சிறைக்கு அனுப்ப மக்கோய் முயலவில்லை. இரண்டாவது, அவரது நோக்கம் தூயது. பணமோ பதவியோ அவர் நாடவில்லை. மூன்றாவது, பொறுப்பான பதவி வகிப்போர் சில வேளைகளில் கையைக் கறைப்படுத்தியே தீரவேண்டும். கறைபடாத கை வேண்டுமென்போர் அப்பதவியை ஏற்றிருத்தல் கூடாது. இவ்வாதத்துக்குச் சார்த்தரின் ‘கறைபடிந்த கைகள்’ என்னும் 1948 ஆம் ஆண்டு நாடகம் இலக்கிய வடிவம் தந்தது. 1973 இல் மைக்கேல் வோல்சர் என்னும் அமெரிக்க அறிஞர் அதனை அரசியல் மெய்யியலின் பிரச்சினையாக வகுத்து ஆராய்ந்தார்.

இம்மூன்றும் எளிதில் ஒதுக்கத்தக்கன அல்ல. தொடரைப் பார்க்கும் நாமும் பெரும்பாலும் இவற்றை ஏற்றுக்கொண்டே மக்கோயின் வெற்றிக்காக ஆவலோடு காத்திருக்கின்றோம். எனவே இவற்றுக்கான மறுமொழி நமக்கு நாமே கூறிக்கொள்ள வேண்டிய மறுமொழியுமாகும்.

உறுதி வேறு, அறிவு வேறு

எதிரி குற்றவாளியே என்பதை நாம் எவ்வாறு அறிவோம்? கதையாசிரியர் அதனை நமக்கு உறுதிசெய்கின்றார். துப்புத் துலக்கும் முற்பாதியை நாம் பார்த்துவிட்டோம். தடயங்கள் ஒன்றோடொன்று பொருந்தியதைக் கண்டோம். இன்னும் சில நிமிடங்களில் எதிரி தன்னை மறந்து உண்மையைக் கக்கிவிடுவான் என்பதையும் அனுபவத்தால் அறிவோம். கதையுலகில் உண்மை எது என்பதை நிருணயிக்கும் ஒருவர் இருக்கின்றார். அவரது உறுதியை நாம் கடன்வாங்கி மக்கோயிடம் கொடுத்து, அவர் குற்றவாளியை அறிந்தே செயற்படுகின்றார் எனத் திருப்தி அடைகின்றோம்.

உண்மையான நீதிமன்றத்தில் அத்தகைய ஆசிரியர் எவரும் இலர். அங்கே வழக்குத் தொடுநரிடம் இருப்பது உறுதி, அறிவு அன்று. இவ்விரண்டும் உள்ளத்தில் ஒரே விதமாகவே உணரப்படும் என்பதுதான் பேரபாயம். தவறாக நம்புகின்றவரும் சரியாக நம்புகின்றவரைப் போன்றே உறுதியோடு நம்புகின்றார். ஆகவேதான் சான்றை வெளிப்படுத்தும் விதி ஏற்பட்டது. வழக்குத் தொடுநரின் நம்பிக்கையை, அந்நம்பிக்கையில் பங்கில்லாத மற்றவர்கள் சோதித்துப் பார்ப்பதற்கான வழி அதுவே. குற்றவாளி இவனே என்பதில் எனக்கு ஐயமில்லை, ஆதலால் விதியை மீறுகிறேன் என்று சொல்பவர், எந்த நம்பிக்கையைச் சோதிக்க வேண்டுமோ அந்த நம்பிக்கையையே சோதனையைத் தவிர்ப்பதற்குக் காரணமாகக் காட்டுகின்றார்.

இது வெறும் ஏட்டுக் கருத்தன்று. 1963 இல் ஐக்கிய அமெரிக்காவின் உயர் நீதிமன்றம், பிரேடி எதிர் மேரிலன்ட் மாநிலம் என்னும் வழக்கில் தீர்ப்பு வழங்கியது. கொலையொன்றில் உண்மையாகக் கொன்றவன் தானே என எதிரியின் கூட்டாளி அளித்திருந்த வாக்குமூலத்தை வழக்குத் தொடுநர் வெளிப்படுத்தவில்லை. எதிரிக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டிருந்தது. எதிரிக்குச் சாதகமான முக்கிய சான்றை மறைத்தல் நியாயமான விசாரணைக்கு முரணானது என நீதிமன்றம் கூறியது. மறைத்தவர் நல்லெண்ணத்தோடு மறைத்தாரா, தீயெண்ணத்தோடு மறைத்தாரா என்பது பொருட்டன்று என்றும் அது தெளிவுபடுத்தியது. மக்கோயின் இரண்டாவது நியாயத்துக்கு விடை இதிலேயே உண்டு. நோக்கத்தின் தூய்மை மக்கோயின் உள்ளத்துக்கு ஆறுதலாகலாம். சான்று கிடைக்காமையால் வாதிட முடியாமற்போன எதிரிக்கு அதனால் யாதொரு பயனும் இல்லை.

உறுதி எவ்வாறு ஏமாற்றும் என்பதற்கு உண்மை வாழ்வின் உதாரணம் ஒன்று உண்டு. டெக்சஸ் மாநிலத்தில் மைக்கேல் மோர்ட்டன் என்பவர், மனைவியைக் கொன்றார் என 1987 இல் ஆயுட்காலச் சிறைத்தண்டனை பெற்றார். தந்தை அவ்வேளை வீட்டில் இல்லை என்று அவருடைய மூன்று வயது மகன் கூறியிருந்தமையும், வீட்டருகே அந்நியன் ஒருவனின் வாகனத்தை அயலவர் கண்டிருந்தமையும் எதிர்த்தரப்புக்குத் தெரியவிடப்படவில்லை. ஏறத்தாழ 25 ஆண்டுகள் சிறையிலிருந்த பின், மரபணுப் பரிசோதனையின் பயனாக 2011 இல் அவர் விடுதலையானார். உண்மையான கொலையாளி வேறொருவன் என்பது நிரூபணமாயிற்று. அவன் 1988 இல், அதாவது மோர்ட்டன் சிறைசென்ற பின்னர், இன்னொரு பெண்ணையும் கொன்றிருந்தான். வழக்கை நடத்திய கென் அண்டர்சன் பிற்காலத்தில் நீதிபதியாகவும் உயர்ந்திருந்தார். 2013 இல் அவர் தமது சட்டத்தரணி உரிமத்தைக் கைவிட நேர்ந்தது. அவருக்கு விதிக்கப்பட்ட சிறைத்தண்டனை 10 நாள். எதிரிக்குக் கிடைத்த 25 ஆண்டையும் இந்தப் 10 நாளையும் அருகருகே வைத்து நோக்குவோர் மனம் அமைதியுறுவது அரிது. பாதிக்கப்பட்டவர்க்காகவே விதியை மீறினேன் என்போர் மனங்கொள்ள வேண்டியதும் இவ்வழக்கில் உண்டு. மறைக்கப்பட்ட சான்று ஒரு நிரபராதியைச் சிறையில் அடைத்தது; அதோடு உண்மைக் கொலையாளியைத் தேடவேண்டிய தேவையையும் இல்லாமற் செய்தது. அதன் விலையை மற்றொரு குடும்பம் செலுத்தியது.

வெளியே சொல்லமுடியாத செயல்

பிளேட்டோ தம் ‘குடியரசு’ நூலில் ஒரு மோதிரத்தின் கதையைக் கூறுகின்றார். அதனை அணிந்தவன் பிறர் கண்ணுக்குத் தெரியான். யாரும் காணமாட்டார் என்னும் நிலையிலும் ஒருவன் நீதியோடு ஒழுகுவானா என்பதே அக்கதை எழுப்பும் வினா. சான்றை மறைக்கும் வழக்குத் தொடுநர் இத்தகைய மோதிரத்தை அணிந்தவர். பொய்ச்சாட்சியை ஏவினால் குறுக்கு விசாரணையில் அது வெளிப்படலாம். இருக்கின்ற சான்றை இல்லாததாக்கினால், அப்படியொன்று இருந்தது என்பதையே எதிர்த்தரப்பு அறியாது. அறியாததைப் பற்றி மேன்முறையீடு செய்வது எங்ஙனம்? இக்குற்றம் நன்றாகச் செய்யப்படுமாயின் என்றைக்கும் கண்டுபிடிக்கப்படாது.

இம்மானுவேல் கான்ட் 1795 இல் வெளியிட்ட ‘நிலையான அமைதி’ பற்றிய நூலில் தந்துள்ள அளவுகோல் இவ்விடத்தே பொருந்துகின்றது. பிறரைப் பாதிக்கும் ஒரு செயலின் கொள்கை, வெளிப்படையாக அறிவிக்கப்பட்டவுடன் நிறைவேற முடியாததாகுமாயின், அச்செயல் அநீதியானது என்பது அவ்வளவுகோலின் சாரம். மக்கோய் யூரர் முன் எழுந்து நின்று, எதிரிக்கு உதவக்கூடிய சாட்சி ஒருவர் உள்ளார், அவரை நீங்கள் கேட்கலாகாது என்பதற்காக ஒதுக்கி வைத்துள்ளேன் என்று கூற இயலுமா? கூறிய கணமே அவரது வழக்குச் சரிந்துவிடும். யாரை நம்பவைக்க வேண்டுமோ அவர்களிடமிருந்து மறைத்தால் மாத்திரமே வெற்றி பெறும் வாதம், வாதம் என்ற பெயருக்கே தகுதியற்றது. 2004 ஆம் ஆண்டின் அங்கத்தில் மக்கோய் செய்தது கடுமையானதாயினும் திறந்த நீதிமன்றில் செய்யப்பட்டது; மறுத்துரைக்க எதிர்த்தரப்புக்கு இடம் இருந்தது. மறைப்பில் அந்த இடமே இல்லை.

பிழையும் மறைப்பும்

பிழைக்கும் மறைப்புக்கும் உள்ள இவ்வேறுபாட்டைத் தமிழ் மாணவர்க்கு விளக்குவதற்குச் சிலப்பதிகாரத்தைக் காட்டிலும் பொருத்தமான நூல் இல்லை. பொற்கொல்லனின் சொல்லை ஆராயாது நம்பிக் கோவலனைக் கொல்லச்செய்த பாண்டியன் நெடுஞ்செழியன் பெரும்பிழை இழைத்தான். ஆயினும் கண்ணகி சிலம்போடு அவையில் வந்து நின்றபோது, கோவலனிடம் பெற்ற சிலம்பைக் கொணர்ந்து அவள் முன் வைக்கச் செய்தான். அச்சிலம்பே தன்னை அழிக்கும் சான்றாகலாம் என்றெண்ணி அவன் அதனை ஒளித்திலன். உள்ளே இருந்தவை மாணிக்கம் எனக் கண்டதும் தன் பிழையை அவையறிய ஏற்று உயிர்விட்டான். விசாரியாது தண்டித்தமை அவன் குற்றம். சான்றை மறைத்தமை அவன் குற்றமன்று. அதனாலேயே அம்மன்னனைக் கண்டிக்கும் நாம் அவனை இகழ மனம் கொள்வதில்லை.

அமெரிக்கத் தொலைக்காட்சியிலேயே இதனை ஒத்த வேறுபாட்டைக் காணலாம். 1957 முதல் 1966 வரை ஒளிபரப்பான ‘பெரி மேசன்’ தொடரில், ஹமில்டன் பேர்கர் என்னும் வழக்குத் தொடுநர் கிட்டத்தட்ட வாரந்தோறும் தவறான மனிதரின் மீது கொலைக்குற்றம் சாட்டித் தோற்பார். நகைப்புக்கிடமான பாத்திரம் எனப் பலரும் அவரைக் கருதுவர். ஆனால் உண்மை வெளிப்பட்ட பின்னரும் நிரபராதியைத் தண்டிக்க அவர் பிடிவாதம் பிடிப்பதில்லை. வெற்றியின் எண்ணிக்கையால் அளந்தால் பேர்கர் கீழே, மக்கோய் மேலே. சான்றின் முன் ஒருவர் நிற்கும் விதத்தால் அளந்தால், 1998 இன் மக்கோயைக் காட்டிலும் பேர்கர் உயர்ந்து நிற்கின்றார்.

குற்றஞ்சாட்டுதலும் ஒருவகைத் தண்டனையே என்பதற்கு அப்பாத்திரத்தை ஏற்ற நடிகர் வில்லியம் டல்மனின் வாழ்வே சான்று. 1960 இல் விருந்தொன்றில் பொலிசார் புகுந்து கைதுசெய்தவர்களுள் அவரும் ஒருவர். நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. ஆயினும் அதற்கிடையில் அவர் தொடரிலிருந்து நீக்கப்பட்டுவிட்டார். பின்னரே மீண்டும் சேர்த்துக்கொள்ளப்பட்டார். அமெரிக்கச் சட்டமா அதிபராக இருந்த ரொபேர்ட் ஜக்சன், அந்நாட்டில் மற்றெவரையும் விட மனிதரின் வாழ்வு, சுதந்திரம், நற்பெயர் ஆகியவற்றின் மீது வழக்குத் தொடுநருக்கே அதிக ஆதிக்கம் உண்டு என 1940 இல் எச்சரித்தமை வீணன்று.

கறைக்கு விலை யார் கொடுப்பது?

எஞ்சியிருப்பது கறைபடிந்த கை பற்றிய மூன்றாவது நியாயம். பொறுப்பான பதவியில் இருப்பவர் சில சமயம் தவறு செய்தே தீரவேண்டும் என்பதை வாதத்துக்காக ஒப்புக்கொள்வோம். வோல்சர் அவ்வாறு கூறுமிடத்தும், தவறு தவறாகவே நிலைக்கும் என்பதையும் அதற்குரிய பொறுப்பைச் செய்தவர் ஏற்க வேண்டும் என்பதையும் வற்புறுத்தியுள்ளார். அவ்விலையைக் கொடுக்காதவர் கறைபட்ட கையர் அல்லர்; கறையை உணராதவர்.

இத்தொடரிலேயே அவ்விலையைக் கொடுத்த ஒருவர் இருக்கின்றார். மக்கோய்க்கு முன் அப்பதவியில் இருந்த பென் ஸ்டோன் என்னும் பாத்திரம், அஞ்சி ஒதுங்கிய பெண்ணொருவரைச் சாட்சி சொல்லுமாறு வற்புறுத்துகின்றார். குற்றக் கும்பல் அப்பெண்ணைக் கொன்றுவிடுகின்றது. ஸ்டோன் எவ்விதச் சான்றையும் மறைக்கவில்லை, சட்டத்தையும் மீறவில்லை. எனினும் ஓர் உயிர் தம் வற்புறுத்தலால் போயிற்று என்பதை உணர்ந்து 1994 இல் பதவி துறக்கின்றார். அவர் விட்டுச்சென்ற இடத்துக்கே மக்கோய் வருகின்றார். நான்காண்டுகளின் பின் அதே இருக்கையிலிருந்து சான்றை மறைக்கின்றார். காலப்போக்கில் அலுவலகத்தின் தலைவராகவும் உயர்கின்றார். இரு பாத்திரங்களையும் படைத்த தொடர், எது சிறந்தது எனப் பிரசங்கம் செய்யவில்லை. பார்வையாளராகிய நாம் மக்கோயை நெடுங்காலம் விரும்பினோம் என்பது நம்மைப் பற்றி நாம் சிந்திக்க வேண்டிய செய்தியாகும்.

இவ்விடயத்தில் நிறுவனங்களும் தனிமனிதரின் மனச்சான்றையே பெரிதும் நம்பியுள்ளன. அமெரிக்க உயர் நீதிமன்றம் 1976 இல், நீதிமன்றில் வழக்கை நடத்தும் செயல்களுக்காக வழக்குத் தொடுநர் மீது நட்டஈடு கோரி வழக்கிட முடியாது எனத் தீர்ப்பளித்தது. அச்சமின்றிக் கடமையாற்ற அத்தகைய பாதுகாப்பு வேண்டும் என்பது அதற்குரிய நியாயம். அந்நியாயம் புறக்கணிக்கத்தக்கதன்று. ஆனால் வெளியிலிருந்து வரும் தடை எவ்வளவுக்குக் குறைகின்றதோ, அவ்வளவுக்கு உள்ளிருந்து வரும் தடை உறுதியாக இருத்தல் வேண்டும். உள்ளத்தின் அத்தடையைத்தான், குற்றவாளி இவனே என்னும் ஆவேசம் முதலில் உடைக்கின்றது.

முடிவாக

மக்கோயை வில்லனாக்குவது இக்கட்டுரையின் கருத்தன்று. விளிம்பிலிருந்து அவர் திரும்பினார். திரும்பும் வலிமை பலர்க்கு வாய்ப்பதில்லை. அவரது துயரம் மனிதத் துயரம். அதனை இகழ்வோர் தாம் எதனையும் இழந்தறியாதவர். ஆனால் துயரம் ஒருவரின் செயலை நமக்கு விளங்கவைக்கலாம், அச்செயலை நியாயமாக்காது. தம் துயரத்தைச் சட்டத்தின் வாளாக மாற்றும் உரிமை கொல்லப்பட்டோரின் பெற்றோருக்கே இல்லாதபோது, அரசின் பெயரால் பேசுபவருக்கு எங்ஙனம் உண்டாகும்?

இத்தகைய தொடர்களைப் பார்க்கும் நாம், சில நிமிடங்களேனும் நமது இருக்கையை மாற்றிக்கொள்ளுதல் நன்று. நாம் வழக்கமாக மக்கோயின் தோளுக்குப் பின்னால் அமர்ந்து, அவரது உறுதியையே நமது அறிவாகக் கொண்டு எதிரியை நோக்குகின்றோம். எதிரிக் கூண்டின் பக்கமாக அமர்ந்து அதே வழக்கை நோக்கினால் காட்சி வேறாகும். அங்கிருந்து பார்க்கும்போது, என்னைக் காக்கக்கூடிய ஏதேனும் ஒன்று எதிரே இருப்பவரின் மேசை இழுப்பறைக்குள் கிடக்கின்றதா என்னும் வினா மாத்திரமே எஞ்சும். கூண்டில் நிற்பவர் உண்மையாகவே கொலையாளியாக இருக்கலாம்; மோர்ட்டனைப் போல நிரபராதியாகவும் இருக்கலாம். அவ்விருவருள் யார் நிற்கின்றார் என்பதை அறிவதற்கே விசாரணை நடைபெறுகின்றது. இழுப்பறையைப் பூட்டி வைத்திருப்பவர், எவ்வளவு நல்லவராயினும், அவ்விசாரணை ஆரம்பிக்கும் முன்னரே தீர்ப்பை எழுதிவிட்டார்.